கடலில் ஒரு புள்ளி யார் எல்லைக்குள் வருகிறது? பாக் விரிகுடாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

படகு பிடிபட்டது, வலை அறுக்கப்பட்டது, கடலடிக் கனிமத்துக்கு ஏலம் அறிவித்தார்கள். எந்தச் செய்தியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த இடம் யாருடைய கடல்? மனு எழுதும் மீனவர் சங்கத்தினர், செய்தியாளர்கள், சட்ட மாணவர்கள் என எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 12, 24, 200 கடல் மைல் என்று பாடத்தில் படித்த வளையங்களை முதலில் வரைந்துவிட்டு, அண்டை நாட்டோடு போட்ட ஒப்பந்தக் கோட்டைக் கடைசியில் தேடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழ். ஒப்பந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வளையங்கள் அந்தக் கோடு குறுக்கிடாத பக்கத்துக்கு மட்டுமே.

கீழே உள்ள படிகள் தமிழகக் கடற்கரையை, அதிலும் இந்திய-இலங்கைக் கடல் எல்லையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தங்கள் இரண்டு. 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டது ஆதாம் பாலம் (ராமர் பாலம்) முதல் பாக் நீரிணை வரையிலான எல்லைக்கு. 1976 மார்ச் 23 அன்று கையெழுத்தானது மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும். இரண்டாவது ஒப்பந்தத்தோடு அதே நாளில் பரிமாறப்பட்ட கடிதங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிப்பு பற்றிய முக்கியமான வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் எழுதப்பட்ட மனுக்கள் ஏராளம்.

சட்டங்களில் முதலில் வேண்டியது 1976ஆம் ஆண்டின் இந்தியக் கடல் மண்டலங்கள் சட்டம். பிராந்தியக் கடல், அடுத்துள்ள மண்டலம், கண்டத் திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலம்), தனிப் பொருளாதார மண்டலம் (வளங்கள் மீது மட்டும் உரிமை உள்ள கடல்), வரலாற்று நீர்ப்பரப்பு (ஒரு நாடு நெடுங்காலமாகத் தன்னுடையதாக ஆண்டுவரும் கடல்) ஆகிய ஐந்தும் அதில்தான் வரையறுக்கப்படுகின்றன. கூடவே 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. இந்தியா 1995இலும் இலங்கை 1994இலும் அதை ஏற்புறுதி செய்தன.

வரைபடம் என்றால் டேராடூனிலுள்ள தேசிய நீரியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடம். கைபேசி வரைபடத்தில் தெரியும் புள்ளிக்கோடு யாரோ ஒருவர் தரவிலிருந்து வரைந்தது. அது வழி காட்ட உதவும், வழக்குக்கு உதவாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எல்லைக் கோப்புகளும் அப்படித்தான். பார்த்துப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், ஆதாரமாக நீட்டாதீர்கள்.

இவை தவிர ஒரு சாதாரண கணக்குப்பொறி போதும்.

2. ஆயத்தொலைவுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்

கணக்கு தொடங்கும் முன்பே பாதிப் பிழைகள் இங்கே நடந்துவிடுகின்றன. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: பாகை-கலை-தசமம், பாகை-கலை-விகலை, வெறும் தசமப் பாகை. (பாகை என்பது டிகிரி. அதில் 60இல் ஒரு பங்கு கலை, கலையில் 60இல் ஒரு பங்கு விகலை.) ஒப்பந்தங்கள் முதல் வடிவத்தில் இருக்கின்றன. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் அதே வடிவத்தில் காட்டும். கைபேசி தசமப் பாகையில் காட்டும்.

1974 ஒப்பந்தத்தின் மூன்றாம் புள்ளியின் அட்சரேகை 9°40.15'. இதைக் கைபேசியில் 9.4015 என்று தட்டினால் புள்ளி 16 கடல் மைல் தெற்கே விழும். சரியான தசமப் பாகை 9.6692. கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பிழை நுட்பமானது, அதனாலேயே ஆபத்தானது. அதே 9°40.15'ஐ 9 பாகை 40 கலை 15 விகலை என்று படிப்பது. 0.15 கலை என்பது 9 விகலை, 15 அல்ல. வித்தியாசம் ஏறத்தாழ 185 மீட்டர். 16 மைல் தவறினால் படகு தரையில் நிற்பதுபோல்கூட வரலாம், கண்ணுக்குத் தெரிந்துவிடும். 185 மீட்டர் தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞரைத் தவிர.

தூர அளவு: 1 கடல் மைல் 1,852 மீட்டர். 12 கடல் மைல் 22.2 கி.மீ., 24 என்பது 44.4 கி.மீ., 200 என்பது 370.4 கி.மீ. சாலை மைலான 1.609ஆல் பெருக்கினால் 12 கடல் மைல் 19.3 கி.மீ. ஆகிவிடும். செய்திகளில் இந்தத் தவறு இன்னும் வருகிறது.

அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு கடல் மைல். தீர்க்கரேகையில் அப்படி இல்லை. 9.5° அட்சரேகையில் ஒரு கலை 0.986 கடல் மைல்தான். வரைபடத்தில் கவராயம் வைத்துத் தூரம் எடுக்கும்போது பக்கவாட்டு விளிம்பிலுள்ள அட்சரேகை அளவில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். மேல் விளிம்பில் வைத்துப் படிப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. நம் அட்சரேகையில் பிழை சிறியது, ஆனால் பழக்கம் கெட்டுவிடும்.

3. ஒப்பந்தக் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பாக் விரிகுடாவில் எங்குமே இரண்டு கரைகளுக்கும் நடுவே 400 கடல் மைல் இடம் இல்லை. இருபுறமிருந்தும் 200 மைல் வளையம் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரு நாடுகளும் பேசி முடிவுசெய்த கோடுதான் அங்கே எல்லை. 1974 ஒப்பந்தத்தின் ஆறு புள்ளிகள் இவை:

புள்ளி 1: வடக்கு 10°05.0', கிழக்கு 80°03.0'
புள்ளி 2: வடக்கு 09°57.0', கிழக்கு 79°35.0'
புள்ளி 3: வடக்கு 09°40.15', கிழக்கு 79°22.60'
புள்ளி 4: வடக்கு 09°21.80', கிழக்கு 79°30.70'
புள்ளி 5: வடக்கு 09°13.0', கிழக்கு 79°32.0'
புள்ளி 6: வடக்கு 09°06.0', கிழக்கு 79°32.0'

ஆறாவது புள்ளி ஆதாம் பாலத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் 1976 ஒப்பந்தத்தின் 13 புள்ளிகள் தொடர்கின்றன. முதல் புள்ளியிலிருந்து வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் அதே ஒப்பந்தத்தின் இன்னொரு வரிசை போகிறது. அதன் கடைசிப் புள்ளி வடக்கு 11°26.6', கிழக்கு 83°22.0'.

இந்தப் படியை விட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, பாக் விரிகுடாவில் "12 மைலுக்கு அப்பால் பொருளாதார மண்டலம்" என்று எழுதுவது. பாக் விரிகுடாவில் பொருளாதார மண்டலமே கிடையாது. 1974 ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற சொல் இருக்கிறது. கோட்டின் தன் பக்கத்தில் உள்ள நீர், தீவுகள், கடலடி நிலம் எல்லாவற்றிலும் அந்தந்த நாட்டுக்கு முழு இறையாண்மை என்கிறது நான்காம் பிரிவு. அதாவது கோட்டைத் தாண்டினால் நுழைவது மற்ற நாட்டின் பொருளாதார மண்டலத்துக்குள் அல்ல, வீட்டுக்குள். இந்த வேறுபாடு ஏழாம் படியில் பெரிதாக வேலை செய்யும்.

மன்னார் வளைகுடாவிலும் அவசரப்பட வேண்டாம். அங்கேயும் இரு நாடுகளும் தத்தம் பக்கத்தில் வரலாற்று நீர்ப்பரப்பு என்று அறிவித்த பகுதிகள் உண்டு. அமெரிக்கா இந்த உரிமைக்கோரலை ஏற்பதில்லை. இந்திய நீதிமன்றத்தில் நிற்கும் உங்களுக்கு இந்திய அறிவிக்கைதான் பேசும். அதனால் தூத்துக்குடிக்கு வெளியே வளையம் வரையும் முன் 1979இல் வெளியான அந்த அறிவிக்கையைப் படித்துவிடுங்கள்.

4. புள்ளி கோட்டின் எந்தப் பக்கம்?

எடுத்துக்காட்டாகப் படகின் இடம் வடக்கு 9°30.0', கிழக்கு 79°25.0' என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எந்தத் துண்டு என்று பாருங்கள். 9°30' என்பது புள்ளி 3க்கும் (9°40.15') புள்ளி 4க்கும் (9°21.80') இடையில் வருகிறது. ஆகவே 3-4 துண்டு.

துண்டின் மொத்த அட்சரேகை வித்தியாசம் 18.35 கலை. புள்ளி 3லிருந்து நம் படகு வரை 10.15 கலை. விகிதம் 10.15 ÷ 18.35 = 0.553.

துண்டின் தீர்க்கரேகை வித்தியாசம் 30.70 - 22.60 = 8.10 கலை. அதில் 0.553 பங்கு 4.48 கலை. இதை 22.60ஓடு கூட்டினால் 27.08. அதாவது 9°30' அட்சரேகையில் எல்லைக் கோடு கிழக்கு 79°27.08' இல் போகிறது.

படகு 79°25.0'. கோட்டுக்கு மேற்கே 2.08 கலை. இந்தியப் பக்கம்.

இப்போது தூரம். 2.08 × 0.986 = 2.05 கடல் மைல். ஆனால் இது கிழக்கு-மேற்காக அளந்த தூரம். கோடு சாய்ந்து போவதால் மிக அருகிலுள்ள தூரம் இதைவிடக் குறைவு. இந்தத் துண்டின் சாய்வுக்கு 0.917ஆல் (துண்டின் வடக்கு-தெற்கு அளவு 18.35 ÷ அதன் முழு நீளம் 20.01) பெருக்க வேண்டும். விடை 1.88 கடல் மைல், அதாவது ஏறத்தாழ மூன்றரை கி.மீ. 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் போகும் விசைப்படகுக்கு 14 நிமிட ஓட்டம். மனுவில் "எல்லைக்கு 2 மைல் உள்ளே" என்று எழுதுவதற்கும் "1.88 மைல்" என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இல்லை என்று தோன்றும். இந்தச் சாய்வுத் திருத்தம் பக்கத்தை மாற்றாது, ஆனால் தூரத்தைச் சரியாகச் சொல்ல இது வேண்டும்.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: 9°23'ஐப் போட்டுப் பாருங்கள். 79°30.17' வர வேண்டும். கச்சத்தீவு அதற்குக் கிழக்கே சுமார் ஒரு கடல் மைல் தொலைவில் இருக்கிறது. தீவு கோட்டுக்கு மேற்கே விழுந்தால் எங்கோ கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறது.

எல்லாத் துண்டுக்கும் இதே முறை பொருந்தாது. 1-2 துண்டு கிட்டத்தட்டக் கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. அங்கே தீர்க்கரேகையை வைத்துக் கோட்டின் அட்சரேகையைக் கண்டுபிடித்து, வடக்கா தெற்கா என்று பார்க்க வேண்டும். வடக்குதான் இந்தியப் பக்கம். கோடியக்கரைக்கு நேர் தெற்கே, 79°51' இல், கோடு 10°01.6' இல் போகிறது. கரையிலிருந்து சுமார் 15 கடல் மைல். "மேற்கு என்றால் நம்முடையது" என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தத் துண்டில் தவறுவார்கள். 5-6 துண்டு நேர் தெற்கு-வடக்கு. அங்கே கணக்கே வேண்டாம், 79°32.0'ஐத் தாண்டியதா என்று பார்த்தால் போதும்.

புள்ளிகளை இணைப்பது பெருவட்ட வில் என்று ஒப்பந்தம் சொல்கிறது. நேர்கோடாகக் கணக்கிட்டால் 3-4 போன்ற 20 மைல் துண்டில் வரும் பிழை சில மீட்டர்தான். கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று: இந்தப் புள்ளிகள் 1974இல் குறிக்கப்பட்டவை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படை (ஆயத்தொலைவுகளை அளக்கப் பூமிக்கு வைத்த மாதிரி வடிவம்) அதற்குப் பின் வந்தது. பழைய அளவை அடிப்படைக்கும் புதியதற்கும் இடையில் நூறு மீட்டர் கணக்கில் வித்தியாசம் வரலாம். எனவே கோட்டுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் நடந்த எதையும் "நிச்சயம் இந்தப் பக்கம்" என்று எழுதாதீர்கள். கடல் வரைபடத்தின் ஓரத்தில் எந்த அடிப்படை என்று அச்சிட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கோடு குறுக்கிடாத பக்கத்தில் வளையங்கள்

சென்னையிலிருந்து கிழக்கே போனால் அடுத்த கரை வரும் வரை தாராளமாக இடம் உண்டு. அங்கேதான் பாடத்திலுள்ள வளையங்கள் முழுமையாகப் பொருந்தும். எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதே கேள்வி.

அளவு தொடங்குவது அடிக்கோட்டிலிருந்து. இயல்பான அடிக்கோடு என்பது கடல் வற்றும்போது தெரியும் தாழ்நீர்க்கோடு. அலை அடிக்கும் மணல் விளிம்போ கடற்கரைச் சாலையோ அல்ல. கரை உடைந்து, தீவுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில் அரசு நேர் அடிக்கோடு அறிவிக்கலாம். இந்தியா 2009இல் அப்படி அறிவித்திருக்கிறது. நேர் அடிக்கோட்டுக்கு உட்புறம் உள்ள நீர் உள்நாட்டு நீர். கைபேசி வரைபடத்தின் கரையிலிருந்து 12 மைல் போட்டால் இதெல்லாம் விடுபட்டுப்போகும்.

அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை பிராந்தியக் கடல், இங்கே இறையாண்மை முழுமை. 24 வரை அடுத்துள்ள மண்டலம், சுங்கம், குடிபுகல் போன்றவற்றில் கட்டுப்பாடு. 200 வரை தனிப் பொருளாதார மண்டலம், வளங்கள் மீது மட்டும் உரிமை. மூன்றுமே அடிக்கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. 12க்குப் பின் இன்னொரு 24 என்று கூட்டி 36 ஆக்கியவர்களும் உண்டு.

கணினியில் வரைபட மென்பொருளில் வளையம் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரவு பாகையில் இருக்கும்போதே வளைய அளவாக 12 என்று கொடுத்தால் மென்பொருள் 12 பாகை என்று எடுத்துக்கொண்டு பாதி இந்தியாவை விழுங்கும். முதலில் தரவை, பாகைக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். அது 78° முதல் 84° வரையிலான கடலுக்குப் பொருந்தும். பிறகு 22,224 மீட்டர் என்று கொடுங்கள்.

நாகப்பட்டினத்தில் இரண்டு முறைகளும் கலக்கின்றன. துறைமுகத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 81 கடல் மைல் போனால் 1976 கோடு வந்துவிடும். தென்கிழக்கே திரும்பினால் சுமார் 41 மைலிலேயே வந்துவிடும். எந்தத் திசையிலும் 200 மைல் போய்விடலாம் என்று நினைத்துக் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு 200 மைல் கிடைப்பது வடகிழக்குத் திசையில் மட்டும்.

200ஐத் தாண்டியும் கண்டத் திட்டு நீளலாம். அங்கே கடலடி மண்ணும் மண்ணுக்குள் இருப்பதும் மட்டுமே கரையோர நாட்டுக்கு. மேலே நீந்தும் சூரைமீன் யாருக்கும் சொந்தமில்லை. இந்தியாவும் இலங்கையும் 2009 மே மாதத்தில் இதற்கான கோரிக்கைகளை ஐ.நா.வின் கண்டத் திட்டு எல்லை ஆணையத்திடம் கொடுத்தன.

6. எந்த வளம், எந்த அரசு?

இடம் தெரிந்தபின் அடுத்த கேள்வி யாரிடம் போவது என்பது. மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் ஆறு மாதம் கழித்து "எங்கள் வரம்பில் இல்லை" என்று பதில் வரும்.

மீன் என்றால் மாநில அரசையும் ஒன்றிய அரசையும் பிரிக்கும் கோடு 12 கடல் மைலில். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆம் இனம். பிராந்தியக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் 57ஆம் இனம். எனவே 12க்குள் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பதும் இரட்டைமடித் தடையும் (இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) மாநில விதிகள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் குழப்பி எழுதப்பட்ட அறிவிப்புப் பலகைகளே இருக்கின்றன.

12க்கு வெளியே ஒன்றிய அரசு. 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கு இணையவழி அணுகல் அனுமதி தேவை. பாரம்பரிய, சிறுதொழில் மீனவர்களுக்கு விலக்கு உண்டு. வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதற்கு ஒன்றிய அரசின் தடை 2017 முதலே இருக்கிறது.

இந்த விதிகளை இராமேஸ்வரம் கடலில் வைத்துப் பாருங்கள். துறையிலிருந்து கிழக்கே எல்லை சுமார் 12 கடல் மைல். அதில் கரையோர 3 மைல் விசைப்படகுக்குத் தடை. மீதி 9 மைல் அகலப் பட்டைக்குள் நூற்றுக்கணக்கான இழுவைமடிப் படகுகள் (கடலடியில் வலையை இழுத்துச் செல்பவை). தனுஷ்கோடி முனையில் இன்னும் மோசம்: எல்லை சுமார் 5 மைல், தடை 3, எஞ்சுவது 2 மைல். எல்லை தாண்டுவதை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுபவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம். விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை வந்ததும் இந்த இடநெருக்கடியால்தான்.

கனிமமும் எரிவாயுவும் வேறு கணக்கு. அங்கே 12 மைல் கோட்டுக்குப் பொருளே இல்லை. அரசமைப்பின் 297ஆம் பிரிவின்படி பிராந்தியக் கடலடியில் உள்ள கனிமமும் ஒன்றியத்துக்கே உரியது. கரையிலிருந்து 2 மைலில் துளையிட்டாலும் உரிமம் தருவது டெல்லி. ஆனால் கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் தாழ்நீர்க்கோட்டிலிருந்து 12 மைல் வரை நீளும். அதனால் சுற்றுச்சூழல் ஆட்சேபத்தை அந்த வழியில் எழுப்பலாம்.

கடல் அட்டை, கடற்குதிரை போன்றவற்றில் இடமே முக்கியமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எந்த மைலில் பிடித்தாலும் குற்றம். இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம். ஒரே விரிகுடா, ஒரே அட்டை, கோட்டின் இருபுறமும் இரண்டு சட்டம்.

கடைசியாகக் காப்பகங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 21 தீவுகளைச் சூழ்ந்து 560 சதுர கி.மீ. பாக் விரிகுடாவில் 2022இல் அறிவித்த கடற்பசு பாதுகாப்பகம் 448 சதுர கி.மீ. மீன்வளத்துறை அனுமதிச்சீட்டு இருந்தாலும் இங்கே வனத்துறையின் சொல்தான் செல்லும்.

7. படகு பிடிபட்ட இடமும் அதற்குரிய சட்டமும்

சட்டம் படித்தவர்களும் சறுக்குவது இங்கேதான். ஐ.நா. உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதி மீறிய வெளிநாட்டுப் படகையும் ஆட்களையும் பிணையில் உடனே விடுவிக்க வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத்தண்டனை கூடாது என்கிறது. பாக் விரிகுடாக் கைதுகளுக்கு எதிராக எழுதப்படும் மனுக்களில் இந்தப் பிரிவு தவறாமல் வரும். ஆனால் பாக் விரிகுடா பொருளாதார மண்டலம் அல்ல என்று மூன்றாம் படியில் பார்த்தோம். 73ஆம் பிரிவு அங்கே ஒட்டாது. ஒட்டாத வாதத்தை முதல் பக்கத்தில் வைத்தால் மற்ற நல்ல வாதங்களும் கெடும். மனிதாபிமான அடிப்படை, காவலில் நடந்த விதம், இடத்தைப் பற்றிய சான்று ஆகியவற்றை முன்னே வையுங்கள்.

இந்தியச் சட்டமே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் மீன்பிடிப்பது பற்றிய 1981 சட்டத்தில், பிராந்தியக் கடலில் மீறினால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பொருளாதார மண்டலத்தில் மீறினால் அபராதம் மட்டும். இலங்கையில் அதற்கு இணையானது 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். 2018 திருத்தத்தில் அபராதம் பெருமளவு உயர்ந்தது. 2017 முதல் அங்கே இழுவைமடியே தடை. எனவே எல்லை தாண்டிய குற்றமும் இழுவைமடிக் குற்றமும் தனித்தனியாகச் சுமத்தப்படலாம். குற்றப்பத்திரிகையில் எது எது என்று எண்ணிப் பாருங்கள்.

'பாரம்பரிய உரிமை' வாதம் எடுப்பவர்கள் 1974 ஒப்பந்தத்தின் 5, 6ஆம் பிரிவுகளைக் காட்டுவார்கள். ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாம் பிரிவு கலங்களின் பாரம்பரிய உரிமையைப் பேசுகிறது. 1976 கடிதமோ ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீரிலோ பிராந்தியக் கடலிலோ பொருளாதார மண்டலத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து வாதிட வேண்டும். முதலாவதை மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பு இரண்டாவதை எடுத்து மேசையில் வைக்கும், அத்தோடு முடிந்தது.

200க்கு வெளியே போய்விட்டால் தொல்லை இல்லை என்பதும் தவறு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள், இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டியாகோ கார்சியா அருகே பிடிபடுவது இதனால்தான். திறந்த கடல் என்று நினைத்துப் போகும் வழியில் இன்னொரு தீவின் 200 மைல் வளையம் குறுக்கே கிடக்கிறது. தெற்கே போகும் பாதையை மாலத்தீவு, சாகோஸ் வளையங்களோடு சேர்த்து வரைந்துவிட்டே கிளம்ப வேண்டும்.

8. சான்றை எழுதிவைக்கும் முறை

ஜிபிஎஸ் கருவியின் பதிவு பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். இந்திய, இலங்கை நேரம் இரண்டும் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கருவியில் 21:30 என்று இருந்தால் இங்கே மறுநாள் அதிகாலை 3 மணி. தேதியும் மாறிவிடும். மனுவில் தேதி ஒருநாள் பின்தங்கினால் படகு அன்று துறையில்தான் நின்றது என்று டோக்கன் (கடலுக்குப் போகும் முன் வாங்கும் மீன்வளத்துறை அனுமதிச்சீட்டு) பதிவேட்டைக் காட்டி வழக்கை உடைத்துவிடுவார்கள். எந்த நேரம் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரே புள்ளி போதாது. மடி விட்ட இடம், தூக்கிய இடம், இயந்திரம் நின்ற இடம், பிடிபட்ட இடம் நான்கும் வேண்டும். இயந்திரம் பழுதாகி நீவாட்டில் (நீரோட்டத்தில்) அடித்துப்போனது என்றால் நின்ற இடத்துக்கும் பிடிபட்ட இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நாட் வந்தால் நம்பும்படியாக இருக்கும். 6 நாட் வந்தால் படகு ஓடியிருக்கிறது, மிதக்கவில்லை. அந்தக் கதையை மனுவில் எழுதாதீர்கள்.

படகு எங்கே நின்றது என்பதோடு வலை எங்கே கிடந்தது என்பதையும் குறியுங்கள். வழிவலை (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) கிலோமீட்டர் கணக்கில் நீளும். படகு இந்தப் பக்கம், வலையின் மறுமுனை அந்தப் பக்கம் என்றால் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

கருவித் திரையைப் படம் எடுக்கும்போது ஆயத்தொலைவு, நேரம், அமைப்புப் பக்கத்தில் தெரியும் அளவை அடிப்படை மூன்றும் விழ வேண்டும். படகு பறிமுதலானால் கருவியும் போய்விடும். எனவே புள்ளிகளை வாக்கி டாக்கியில் பக்கத்துப் படகுக்குச் சொல்லி, அங்கே நோட்டில் எழுதவையுங்கள். பாகையும் கலையும் முழுதாக, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. "கச்சத்தீவுக்கு மேற்கே" என்று மட்டும் எழுதிய நோட்டால் யாருக்கும் பயனில்லை.

டிரான்ஸ்பாண்டர் (படகின் இடத்தைத் தானே கரைக்கு அனுப்பும் கருவி) பொருத்திய படகானால் அதன் பதிவு கரையிலும் இருக்கும். அதை மீன்வளத்துறையிடம் எழுத்துமூலம், சம்பவத் தேதியும் படகின் பதிவு எண்ணும் போட்டு, அந்த வாரத்துக்குள் கேளுங்கள்.